தறியில் இருக்கும்போது

லோக்சா இடுப்பில் தறி வாரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தறியின் மறுமுனை வீட்டுத் தூணில். அவள் பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். எங்கள் சியாபாஸ் மலையில் பெண்ணின் உடம்புதான் தறியில் பாதி.

நாளைச் சாயங்காலம் மகளிர் குழுவின் லாரி வந்துவிடும். போன முறை அவள் துணியைக் கோணல் என்று திருப்பிவிட்டார்கள். இந்த முறையும் திரும்பினால் குழுவில் இடமில்லை. அப்புறம் சந்தைத் தரகன் வைத்ததுதான் விலை.

“லோக்சா! என் தொப்பி எங்க?” வாசலிலிருந்து கணவன் மாருயன்.

“ஆணியில பாருங்க.”

“இல்ல. வந்து எடுத்துக் குடு. சும்மாதானே உட்காந்திருக்கே.”

வாரை அவிழ்த்து எழுந்தாள். தொப்பி ஆணியில்தான் இருந்தது. திரும்ப உட்கார்ந்தபோது நூலில் பழைய இறுக்கம் வரவில்லை. ஒரு வரிசை முடிவதற்குள், “பயறு அடிபிடிக்குது, மூக்கு அடைச்சுப் போச்சா?” என்றான். அவன் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

மதியம் குழுத் தலைவி ஷுன்கா துணியைப் பார்க்க வந்தாள். கண்டிப்புக்காரி. சிவப்புத் துணியில் மழையை அழைக்கும் தேரைகள் வரிசையாக அமர்ந்திருந்தன. கடைசிப் பகுதியில் மட்டும் ஓரம் எலி கடித்த ரொட்டிபோல இருந்தது.

“இவளுக்குக் கை வராதுன்னு அப்பவே சொன்னேன்,” என்றான் மாருயன்.

ஷுன்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் விரலை வைத்தாள். “இங்க என்னடி ஆச்சு?”

“தொப்பி கேட்டாரு அக்கா.”

“இங்க?”

“பயறு அடிபிடிச்சுது.”

“இங்க?”

“காப்பி ஆறிப்போச்சுன்னு...” லோக்சாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“கேட்டுக்கோ மாருயன். இதைக் கோணலாக்கினது இவ கையில்ல, உன் வாய். நீ கொல்லையில சோளத்துக்குக் களை கொத்துறப்போ யாராவது தொப்பி எங்கன்னு கூப்பிடறாங்களா? வீட்டுக்குள்ள உட்காந்து செஞ்சாலும் வேலை வேலைதான். நம்ம தேரைங்க இன்னும் துணியில நிக்குதுன்னா அது இப்படி உட்காந்தவளுங்களாலதான்.” லோக்சாவிடம் திரும்பினாள். “கடைசி நாலு விரல் அகலத்தைப் பிரிச்சுத் திரும்ப நெய்யி. நேரா இருந்தா லாரியில ஏறும். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

மாருயனின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் அடுப்பை அவனே பார்த்துக்கொண்டான். ரொட்டி கருகிய வாடை வந்தபோது லோக்சா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரியின் ஹாரன் கேட்டது. ஓரம் நேராகத்தான் வந்திருந்தது, ஆனால் இன்னும் சில இழைகள் பாக்கி. இப்போது எழுந்தால் எல்லாம் போச்சு.

“லோக்சா! எந்திரிச்சு வாம்மா, நேரமாச்சு!” டிரைவர் வாசலில் வந்து கத்தினான்.

பழக்க தோஷம், அவள் கை வாரின் முடிச்சுக்குப் போனது. அதற்குள் மாருயன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான்.

“கத்தாதய்யா, கொஞ்சம் பொறு. அவ வேலையில இருக்கா.”