அத்தான் கழற்றிய தலை

தன் அக்காவின் கணவருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் நிபுணர். வாய்க்கு அத்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவோடு வருவார், வயிறாரச் சாப்பிடுவார், தங்கை வீட்டில் எதெது சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். குழாய் சொட்டினால் வாஷர் மட்டமான சரக்கு. கதவு கிறீச்சிட்டால் தச்சன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். எதையாவது தொட்டுச் சரிசெய்தாரா என்றால், அப்படி ஒன்று நடந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அவள் மருந்துக்கடை வைத்திருந்தாள். தன் வியாதிக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம்கூட முகம் சுளிக்காமல் பேசுகிறவள். அந்தப் பொறுமை முழுவதும் அத்தானைக் கண்டதும் ஆவியாகிவிடும்.

அன்று அவர் கண்ணில் பட்டது புல்வெட்டும் கரண்ட் மிஷின். அதன் அடியில் நைலான் நரம்பு சுற்றிய உருண்டைப் பகுதி, தலை என்பார்கள், விரிசல் விட்டிருந்தது. புதுத் தலை வாங்கி வைத்திருந்தாள். பழையது கழல மறுத்ததால் சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"இதெல்லாம் ஒரு வேலையாம்மா? என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

தலையைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினார். உள்ளே இருந்த தண்டும் கூடவே சுற்றியது. "பாத்தியா, வருது, வருது" என்றார். சுற்றிக்கொண்டே இருந்தது. எதுவும் வரவில்லை.

"அத்தான், பிளக்கைப் பிடுங்கவே இல்லையே."

"சுவிட்சு ஆஃப்லதானே இருக்கு."

அவளே போய்ப் பிடுங்கினாள். அதற்குள் அவர் சமையலறையிலிருந்து எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து தாராளமாகக் கவிழ்த்திருந்தார். அடுத்து சுத்தியல். காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல் தலையைத் தட்டினார்.

"சத்தத்தை வச்சே சொல்லிடுவேன். துரு ஏறியிருக்கு."

"பிளாஸ்டிக்லயா?"

"உள்ள இருக்கிற தண்டு இரும்பும்மா."

அது உண்மைதான். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூச்சு வாங்கியதும் எழுந்தார். "கம்பெனி கோளாறு. மிஷினையே மாத்திடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைச் சமையலறைத் துண்டில் துடைத்து, உள்ளே போய்ச் சோபாவில் சாய்ந்தார்.

அவள் பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்துவந்தாள். தலைக்கும் மிஷினுக்கும் நடுவில் காய்ந்த புல் கயிறுபோல இறுகிக் கிடந்தது; உருகிய நைலான் அதன்மேல் பசையாய் ஒட்டியிருந்தது. பிளேடால் கீறி, பிரஷால் தேய்த்ததும் பிளாஸ்டிக்கில் புடைப்பாக ஓர் அம்புக்குறி தெரிந்தது. கழற்றும் திசை வலப்பக்கம். தண்டு சுற்றாமல் நிறுத்துவதற்குப் பக்கவாட்டில் ஒரு துளையும் இருந்தது. அதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு அம்பு காட்டிய பக்கம் முழு பலத்தோடு திருகினாள். 'டொக்' என்றது. பிறகு விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டாள்.

சத்தம் கேட்டு நிபுணர் வந்துவிட்டார்.

"கழண்டுடுச்சா? எண்ணெய் ஊறினா தானா வரும்னு தெரியும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வந்து பாரு. தலையைக் கழட்டியாச்சு!"

அக்கா டீ டம்ளரோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பரவாயில்லையே" என்றாள் கணவரைப் பார்த்து. அவர் மறுக்கவில்லை.

"குடு, புதுசை நானே மாட்டிடுறேன்."

கொடுத்தாள். ஸ்க்ரூடிரைவரை அவளே பிடித்துக்கொண்டு திசையும் சொன்னதால் தலை ஒழுங்காக ஏறியது. நரம்பைச் சுற்றி, அடிமூடியை அழுத்தினார். மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி. ஒன்று 'க்ளிக்' என்று விழுந்தது. மற்றது நெல்மணி அளவு தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் பார்த்துவிட்டாள். கடையில் ஒரு மாத்திரை மாறிப்போனால் தெருவரை ஓடிப்போய் ஆளை நிறுத்துகிறவள், இப்போது உதட்டோரம் சிரித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மூடி கழன்று விழும். இந்த மனிதர் நாலு காலில் தவழ்ந்து புல்லுக்குள் தேடுவார். அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தாள்.

அவர் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. கொஞ்ச தூரம் புல் அழகாகச் சாய்ந்தது. "எப்படி?" என்று மனைவி பக்கம் திரும்பினார். அந்த நொடியில் மூடி தெறித்தது. நரம்பும் ஸ்பிரிங்கும் புல்லில் விழுந்தன. மூடி நேராகப் போய் அக்காவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது.

அக்கா அலறினாள். டம்ளர் உருண்டது. நிபுணர் மிஷினைப் போட்டுவிட்டு ஓடி, தரையிலேயே மண்டியிட்டு அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னாலதான், என்னாலதான்" என்றார்.

தங்கை ஐஸ் கொண்டுவந்து துணியில் சுற்றி வைத்தாள். எலும்பு முறியவில்லை, தோல் கிழிந்து வீங்கியிருந்தது. அத்தான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர் மூடியை மாட்டும்போது நீ சிரிச்சே."

"அக்கா..."

"நான் பாத்தேன். அது சரியா உக்காரலேன்னு உனக்குத் தெரியும்."

அவள் குனிந்து ஐஸ் துணியைத் திருப்பி வைத்தாள்.

"அவர் வாய்ப்பந்தல் போடுறவர்தான், எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா அவரை நம்பி நான் நாற்காலி போட்டு உக்காரலாம்." அக்கா ஐஸ் துணியைத் தானே வாங்கிக்கொண்டாள். "சீ, கையை எடு."

கடைக்கு வருகிறவர்களை, நிபுணரை, ஊரிலுள்ள பாதிப்பேரை இவள் மனதுக்குள் எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அதே கண்ணால் அக்கா இப்போது இவளைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தயங்கித் தயங்கிப் போன் செய்தாள். அத்தான்தான் எடுத்தார். ஐஸ் எப்படி வைக்க வேண்டும், எந்தக் களிம்பு போட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரிக்கே நீளமாகப் பாடம் எடுத்தார். களிம்பின் பெயரையும் தப்பாகச் சொன்னார்.

"சரிங்க அத்தான். அக்காகிட்ட குடுங்களேன்."

அவர் போனை நீட்டியிருக்க வேண்டும். பின்னால் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது: "வேணாம், வைங்க."

"அவ தூங்குறாம்மா" என்றார் அத்தான். "எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."