அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

அக்காவை மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் தங்கையை வெளியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க இருக்கிற ரூம்ல ஈரம் இருக்கா? சுவர்ல பூஞ்சை ஏதாவது?"

"இல்லை டாக்டர். ரொம்ப சுத்தமான ரூம்" என்றாள் தங்கை. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார்: "நுரையீரல் ரெண்டும் தழும்பு விழுந்து இறுகிப்போச்சு. ஒரு நாள்ல வந்ததில்லை, வருஷக்கணக்கா ஆகியிருக்கு. எதுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க."

அக்காவுக்குத் தெருவில் தையலக்கா என்று பெயர். கணவர் இறந்தபின் பதினோரு வருடம் வாடகை அறைகளில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளியவள். தங்கை மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவள் கணவர் பஸ் ஓட்டுநர். இருவரும் பாடுபட்டு ஒரு சரிவுத் தெருவில் வீடு வாங்கியபோது முதல் வேலையாக அக்காவின் தையல் மெஷினைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். மேலே ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும். தரைக்குக் கீழே, எட்டுப் படி இறங்கினால், நீளமான ஓர் அறை. அது அக்காவுக்கு.

கூரையை ஒட்டி இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். "முகத்தைப் பாத்து என்ன ஆகப்போகுது? செருப்பை வச்சே யாரு வர்றாங்கன்னு சொல்லிடுவேன்" என்பாள் அக்கா. சொல்லவும் செய்வாள். வாடிக்கையாளர் படியிறங்குவதற்குள் அவர்களுடைய துணி மேஜைமேல் தயாராக இருக்கும்.

இருமல் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "நூல் தூசி" என்றாள் அக்கா. தங்கையும் நம்பினாள். கடையிலிருந்து அவளே மருந்து கொண்டுவந்தாள். ஒரு பாட்டில் தீர்ந்தால் அடுத்தது, அது தீர்ந்தால் வேறொன்று. கீழே ஒரு மக்கல் வாடை அடிப்பதுண்டு. ஈரத்துணியை இஸ்திரி போடுவதால் வருவது என்று நினைத்துக்கொண்டாள். தினமும் அந்த வாடைக்குள் இறங்கி ஏறியதில் மூக்குக்கும் பழகிவிட்டது.

மருத்துவர் கேட்ட மறுநாளே, வீடுகளில் நீர்க்கசிவை அடைக்கும் ஒருவரைக் கணவர் கூட்டிவந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் இரண்டிலும் ரப்பர் பட்டை கட்டியிருந்தார். அவர் உடனே உள்ளே வரவில்லை. வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றினார். கூரை மழைநீர் இறங்கும் குழாய் சுவரின் அடியிலேயே முடிந்திருப்பதைக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு கீழறை ஜன்னலை ஒட்டியிருந்த பூச்செடிப் பாத்திக்கு வந்து, விரல்களை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். விரல் முழுக்கச் சேறு.

"இந்தப் பாத்தியை யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் தங்கை. "அக்காவுக்கு ஜன்னல் வழியா வெறும் காலா தெரியுதேன்னு…"

"தண்ணி?"

"தினமும் ரெண்டு வேளை ஊத்துவேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கீழறையில் அவர் சுவரைத் தொடுவதற்கு முன்பே தரையோரத்தைப் பார்த்தார். கட்டிலின் இரும்புக் கால்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் துரு. சுவர் அடியில் பதித்திருந்த பலகை உப்பிப் பிளந்திருந்தது. அதன்மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் பொடி. "இது சுண்ணாம்பு உதிர்றதில்லைம்மா. வெளியில இருக்கிற தண்ணி சுவருக்குள்ள ஊறி வந்து, காயும்போது விட்டுட்டுப் போற உப்பு" என்றார். சுவர் நெடுக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சில இடம் திடமாகக் கேட்டது. சில இடம் பொத்தென்று. அங்கே நகத்தால் கீறினால் பெயிண்ட் தோல்போல உரிந்து வந்தது.

இதெல்லாம் தினமும் கண்ணில் பட்டதுதான். பழைய வீடென்றால் அப்படித்தான் இருக்கும் என்று தங்கை தாண்டிப் போயிருந்தாள்.

சந்தேகம் வேண்டாம் என்று, ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டினார். "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். தாளுக்கு இந்தப் பக்கம் துளி நின்னா ரூம் காத்துல இருக்கிற ஈரம், ஜன்னலைத் திறந்து விட்டாப் போதும். அந்தப் பக்கம் நின்னா மண்ணுல இருந்து சுவர் வழியா வருது."

இரண்டு நாளில் தாளின் பின்பக்கம் வேர்த்துக் கொட்டியிருந்தது.

"சரி, அந்த அலமாரியை நகர்த்துங்க" என்றார்.

ஜன்னலுக்குக் கீழே நின்ற துணி அலமாரி அது. முதல் வருடம் எதிர்ச்சுவரில் இருந்ததை அக்காதான் இங்கே மாற்றியிருந்தாள். கணவரும் அவருமாகப் பிடித்து இழுத்தார்கள். அலமாரியின் முதுகுப் பலகை ஈர ரொட்டிபோலப் பிய்ந்து சுவரோடு நின்றுவிட்டது. அதையும் உரித்து எடுத்தபோது பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. பெரிய பெரிய வட்டங்களாகப் பூஞ்சை. அந்த வாடை ஒரேயடியாக முகத்தில் அறைந்ததில் கணவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கறுப்புக்கு நடுவே கோடுகள் இருந்தன. துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்கட்டியால் போட்ட நேர்கோடுகள். ஒவ்வொன்றின் அருகிலும் தேதி. கணுக்கால் உயரத்தில் முதல் கோடு, நாலரை வருடத்துக்கு முன். முழங்கால் உயரத்தில் அடுத்தது. இடுப்பளவில் ஒன்று. கடைசிக் கோடு தங்கையின் நெஞ்சுக்கு நேராக, போன மழைக்காலத் தேதியோடு.

"யாரோ மழைக்கு மழை அலமாரியை விலக்கி, ஈரம் ஏற ஏற அளவெடுத்திருக்காங்க" என்றார் கசிவுக்காரர் மெதுவாக. "அளவெடுக்கத் தெரிஞ்சவங்கதான்."

தங்கை படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை மருத்துவமனையில் அக்கா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை நேராகக் கேட்டாள். "அலமாரிக்குப் பின்னாடி பாத்தேன். ஏன்க்கா சொல்லலை?"

அக்கா போர்வையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சொல்லணும்னுதான் ஒரு நாள் படியேறப் போனேன். அன்னைக்குத்தான் நீ முதல் செடியை நட்டே. மண்டி போட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, நல்லாருக்கான்னு கேட்டே. கன்னமெல்லாம் மண்ணு. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படிடி மாத்திச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றதுதான்! செடியா பெருசு?"

"சொன்னா என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க ரூமைக் குடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் ஹால்ல படுப்பீங்க. கல்யாணமாகி நீங்க ஒரு கதவைச் சாத்திப் படுத்ததே அந்த வீட்லதான்."

"அதுக்காக…" தங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் மருந்து கொண்டுவந்து குடுத்துட்டே இருந்தேனே. என் கையாலயே."

"நல்ல மருந்துதான்" என்றாள் அக்கா. "இனிப்பா இருந்துச்சு."

மறுவாரம் வேலை தொடங்கியது. பாத்தியை வெட்டி எறிந்தார்கள். சுவரையொட்டி ஆள் உயரப் பள்ளம் தோண்டி, ஈரமண்ணைத் தள்ளி, சுவரின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார்கள். விரிசல்களை அடைத்து, சிமென்ட் பூசி, அதன்மேல் கறுப்புப் பூச்சு இரண்டு தடவை, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் தாள். பள்ளத்தின் அடியில் ஓட்டைகள் போட்ட குழாயைச் சரிவாகப் படுக்கவைத்து ஜல்லியால் மூடினார்கள். கூரைக்குழாயை நீட்டித் தெருக் கால்வாயோடு சேர்த்தார்கள். கீழறைக்குள் கறுத்த பூச்சையெல்லாம் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்கள்.

அந்தக் கொத்துச் சத்தத்தோடுதான் அக்கா வீடு திரும்பினாள். தங்கையின் படுக்கையறையில் அவளுக்கும், அவளுக்குக் காற்றூட்டும் மெஷினுக்கும் இடம் போட்டார்கள். அவள் பயந்தபடியே தங்கையும் கணவரும் ஹாலில் படுத்தார்கள்.

"செடியைப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன்."

"தொட்டியில வச்சிருக்கலாம். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

தங்கை துணி மடிக்கத் தொடங்கினாள்.

பக்கத்துத் தெரு ஆசிரியைக்குத் தைக்கத் தொடங்கிய ஒரு சட்டை பாதியில் நின்றிருந்தது. அதை முடித்தே தீருவேன் என்று அக்கா அடம்பிடித்தாள். மெஷினை மேலே கொண்டுவந்தார்கள். நாலு மிதி மிதிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அப்போது தங்கையின் கணவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கினார். அக்கா துணியை நகர்த்தினாள்.

"மாப்பிள்ளை, பஸ் ஓட்டுற மாதிரி ஓட்டாதீங்க. வளைவு வருது, மெதுவா."

"ஹாரன் அடிக்கட்டுமாக்கா?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் பிடித்தது. அவர் சக்கரத்தில் கையை வைத்தபடியே காத்திருந்தார். அந்தச் சட்டையைத் தைத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. பட்டன் மட்டும் தங்கை கட்டினாள்.

மழைக்காலம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது அக்கா இறந்தாள். மதியம் தங்கை கடையிலிருந்து சாப்பிட வந்தபோது தூங்குவதுபோலத்தான் இருந்தாள். தங்கை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்த ஆள்காட்டி விரலைக் கணவர் வரும்வரை அவள் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "நீ உன் அக்காவை எப்படி வச்சிருந்தே! யாருக்குக் கிடைக்கும்?" என்றார்கள். அவளால் அதைத்தான் தாங்கமுடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை கசிவுக்காரரின் போன்.

"கீழ எப்படிம்மா இருக்கு? பாத்தீங்களா?"

அவள் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எட்டுப் படியும் இறங்கினாள். குனிந்து சுவரின் அடியில் உள்ளங்கையை அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தடவிக்கொண்டே போனாள். கையில் ஒட்டியது சிமென்ட் தூசி மட்டுமே.

"காஞ்சிருக்குண்ணே. ஒரு சொட்டு இல்லை."

"அப்ப சரி. ஒரு வாரம் பாத்துட்டு அக்காவோட கட்டிலை இறக்கிக்கலாம். பயப்படாம இருக்கச் சொல்லுங்க."

அக்கா இறந்ததை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சரிண்ணே" என்று சொல்லி போனை வைத்தாள். நல்ல உலர்ந்த, விசாலமான அறை. ஜன்னலுக்கு வெளியே நனைந்த செருப்புகள் போய்க்கொண்டிருந்தன. அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கணவர் படியிறங்கி வந்தார். அவளைப் பார்த்ததும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.