எல்லோரும் யோசெப்

"எந்த யோசெப்?" என்று கேட்டாள், மாதா கோவில் கந்தோரில் பதிவேடு பார்க்கும் பெண்.

அக்னெஸுக்குச் சுருக்கென்றது. நாலு நாளைக்கு முன்னால் இதே மேசையில்தான் பதிவேட்டின் கடைசிப் பக்க அட்டவணையை அவளே விரல் வைத்துப் படித்தாள். 1921 மார்ச்: யோசெப் லவுவா, ஞானஸ்நானம். அதே ஜூன்: யோசெப் லவுவா, அடக்கம். முடிச்சுப் போடத் துப்பறிவாளனா வேண்டும்?

மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்து, அஹுன்ட்சிக் முதியோர் இல்லத்தில் எண்பத்தொன்பது வயது தேலிமா லவுவாவை நாலு வருடமாகக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறவள் அக்னெஸ். தேலிமாவின் ஏழு வயதில் தாய் பிரசவத்தில் போய்விட, பிறந்த தம்பியைத் தகப்பன் யாரிடமோ வளர்க்கக் கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு வைத்த பெயரைக்கூடச் சொல்லவில்லை; பிறந்தது 1921 மார்ச் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சாவதற்குள் ஒருமுறை அவன் குரலைக் கேட்டால் போதும் என்பாள் கிழவி. அவளிடம்தான், "மூன்று மாதத்திலேயே இறந்துவிட்டான், மதாம்" என்று போய்ச் சொன்னாள் அக்னெஸ். கிழவி அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு ஒரு கரண்டி சூப்புக்கும் வாய் திறக்கவில்லை. நேற்று மட்டும், "கல்லறை எங்கே என்று கேட்டு வா, பூ வைக்க வேண்டும்" என்றாள்.

கந்தோர்ப் பெண் பதிவேட்டை விரித்தாள். "இங்கே ஆண்பிள்ளை எல்லாருக்கும் முதலில் யோசெப், பெண்பிள்ளைக்கு மரி. நடுவில் ஞானத்தகப்பன் பெயர். கூப்பிடுகிற பெயர் கடைசியில் வரும். பாருங்கள், ஜூனில் போனது யோசெப் அமேதே. பெற்றோர் வேறு. உங்கள் ஆள் யோசெப் ஒனோரே எட்கார்."

அந்தப் பெயரின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 1946, லொங்குய்ய், திருமணம். இறந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. செத்த பிள்ளை கல்யாணம் கட்டாது.

வாசலுக்கு வந்ததும் புருஷன் பத்திநாதருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"எங்கட மன்னார்க் கோவில் எண்டு நினைச்சனீரோ?" அவர் சிரித்தார். "எங்கட தெருவில ரெண்டு யோசெப் இருந்தாலே ஒருத்தனுக்குப் பட்டம் வைச்சிடுவாங்கள். இவங்கள் ஊர் முழுக்க யோசெப்பாமோ!"

"சிரிக்காதேங்கோப்பா. இருக்கிற மனுசனை நான் சாக்காட்டிப்போட்டன்."

சிரிப்பு நின்றது. "அப்ப ஓடிப்போய்ச் சொல்லுமன்."

ஓடினாள். அறைக்குள் கிழவியின் முகத்தில் பிராணவாயு மூடி. "காலையிலிருந்து நினைவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லிவிட்டுத் தாதி போய்விட்டாள். கட்டிலின் தலைமாட்டில் நாலு வருடமாகத் தொங்கும் பெயரட்டை: மரி ரோஸ் தேலிமா லவுவா. ஒரு நாளாவது யாராவது அவளை மரி என்று கூப்பிட்டார்களா?

"மதாம், எட்கார் சாகவில்லை" என்று பிரெஞ்சில் காதருகே சொன்னாள். அசைவில்லை. "உங்கட தம்பி இருக்கிறார். நான்தான் பிழை விட்டனான்." தமிழுக்கு மாறியது அவளுக்கே தெரியவில்லை.

தொலைபேசிப் புத்தகத்தில், ஆற்றுக்கு அக்கரை ஊரான லொங்குய்யில் ஒரேயொரு எட்கார் லவுவா. கட்டிலருகே இருந்த தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அல்லோ?" வயசான, கரகரத்த ஆண்குரல்.

எங்கிருந்து தொடங்குவது? ரிசீவரைக் கிழவியின் காதோடு தலையணையில் சாய்த்து வைத்தாள்.

"அல்லோ? யார் அது?"

மூடிக்குள் மூச்சு ஏறியது, இறங்கியது. மறுமுனையும் பேச்சை நிறுத்தியது. வைத்துவிடவில்லை. ரிசீவரிலிருந்து இன்னொரு மூச்சும் இப்போது கேட்டது.