சிவப்புக் கோடு

கேப்டன் உர்பினா விசையை அழுத்தினார். இறக்கைகளுக்குக் கீழே இருந்த துப்பாக்கிகள் அதிர்ந்தன. பின்னிருக்கையில் இருந்த லெப்டினன்ட் நெலிதாவின் பற்கள் வரை அந்த அதிர்வு வந்தது. கீழே ஆற்றை ஒட்டிப் பறந்துகொண்டிருந்த சின்ன வெள்ளை விமானத்தின் மூக்குக்கு முன்னால் எச்சரிக்கையாக ஒரு சிவப்புக் கோடு ஓடியிருக்க வேண்டும். ஒன்றும் ஓடவில்லை. வெள்ளை விமானம் திரும்பவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

கோடு எங்கே போயிற்று என்று நெலிதாவுக்குத் தெரியும். காலையில் ஆயுதக் கொட்டகையில் சார்ஜன்ட் தனந்தா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குண்டுப் பட்டைகளிலிருந்து, பாயும்போது சிவப்பாக எரிந்து வழி காட்டும் ஒளிக்குண்டுகளை மட்டும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருந்தார். இன்று விமானிகளைக் காக்கும் லொரேத்தோ மாதாவின் திருநாள். இருட்டத் தொடங்கியதும் ஒளிக்குண்டுகளை ஆற்றின் மேல் சுடுவது சாந்தா ரூஃபா தளத்தின் வழக்கம். ஊரே கரைக்கு வந்து பார்க்கும். காலியான இடங்களில் அவர் சாதாரணக் குண்டுகளைச் செருகினார். "பயிற்சி விமானம்தானே லெப்டினன்ட்டம்மா, திருவிழா அன்னைக்கு எவன் வரப்போறான்?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர்களுடையது மாணவர்கள் வானத்தில் குட்டிக்கரணம் கற்றுக்கொண்ட விமானம். கடத்தல்காரர்கள் வந்தால் அதுவே வேட்டைக்குப் போகும்.

"கேப்டன், பட்டையில ஒளிக்குண்டு இல்ல. நாம சுட்டதே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. பக்கத்துல போய் முகத்தைக் காட்டுவோம்."

"எல்லையைத் தாண்டிட்டான்னா யாருக்குக் காட்டுவ? அவங்க அம்மாவுக்கா?"

ஆற்றின் வளைவு தெரிந்தது. அதற்கு அப்பால் வேறு நாடு. ரேடியோ கரகரத்தது. எச்சரிக்கை கொடுத்தாயிற்றா என்று தரையிலிருந்து கேட்டார்கள். இதற்குப் பின்னிருக்கைதான் பதில் சொல்ல வேண்டும். சுடுகிறவரே சாட்சியும் சொல்லக்கூடாது என்று வைத்த விதி. அவள் ஆம் என்றால்தான் சுட்டு வீழ்த்த அனுமதி வரும். இல்லை என்றால் வெள்ளை விமானம் வளைவைத் தாண்டிவிடும். அவள் கட்டைவிரல் ரேடியோ பொத்தானின் மேல் இருந்தது. சுட்டோம், அது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நெலிதா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கொடுத்தாச்சு," என்றாள்.

அனுமதி வந்தது. வெள்ளை விமானத்தின் முதுகில் கறுப்புத் துளைகள் வரிசையாக விழுந்தன. வலது இறக்கையின் வேரிலிருந்து பெட்ரோல் வெண்புகையாகப் பீறிட்டது, பிறகு பற்றிக்கொண்டது. அப்போதுதான் அதன் விமானி தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தான். பார்த்ததும் திரும்பினான். எல்லையை விட்டுவிட்டு, தளம் இருக்கும் திசைக்கு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் போலத் திரும்பினான். உர்பினா விரலை எடுக்கவில்லை. முன்கண்ணாடி உள்ளிருந்து சிவப்பாகத் தெறித்தது. இறக்கை ஒடிந்து தனியாகச் சுழன்று போனது. விமானம் கலங்கிய தண்ணீரில் மோதி, எகிறி, மறுபடி மோதிப் பிளந்தது. பிளவிலிருந்து ஒரு உருவம் எரிந்தபடியே ஆற்றில் விழுந்தது.

"அவன் திரும்பினான் சார்," என்றாள்.

உர்பினா விமானத்தைத் தளத்தை நோக்கித் திருப்பினார்.

தரையிறங்கியபோது தனந்தா ஓடி வந்து துப்பாக்கி வாயைத் தொட்டார். சூடு உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டார். நெலிதாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ரோந்துப் படகிலிருந்து செய்தி வந்தது: சரக்கு மூட்டைகள் கிடைத்தன, விமானி செத்துவிட்டான், இடையில் எங்கோ லிஃப்ட் கேட்டு ஏறிய ஒரு பெண்ணுக்கு உயிர் இருக்கிறது. தளபதி கேப்டனைக் கட்டிப்பிடித்தார். கரும்புச் சாராயம் வந்தது. உர்பினா ஒரு கோப்பையை நெலிதாவின் கையில் திணித்தார்.

"மூட்டை இல்லாம இருந்திருந்தா நீ அழலாம். இருந்துச்சுல்ல? குடி."

அவள் குடித்தாள்.

பொழுது சாயும்போது கரையில் மணல் மூட்டைகளின் மேல் துப்பாக்கியைப் பொருத்தி, அக்கரைக் காட்டுக்கு மேலே குறி வைத்திருந்தார்கள். மாதா சொரூபத்துக்குப் பூ வைத்தாகிவிட்டது. பாதிரியார் தண்ணீர் தெளித்துவிட்டு ஒதுங்கினார். அந்த வருடம் விமானம் வீழ்த்தியவர்களுக்கே முதலில் சுடும் உரிமை. தனந்தா ஒளிக்குண்டுகளை மட்டும் கோத்த பட்டையைக் கொண்டுவந்து மாட்டினார்.

உர்பினா விலகி நின்றார். "நீ உக்காரு. நீ சொன்னதாலதானே அவனைச் சுட்டு இறக்கினோம்."

ஊர் கைதட்டியது. நெலிதா உட்கார்ந்தாள். அதே நேரம் ரோந்துப் படகு எஞ்சினை நிறுத்திவிட்டுப் படித்துறையில் வந்து ஒட்டியது. தார்ப்பாயின் கீழிருந்து ஒரு வெறுங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வலை ஊஞ்சலில் கிடந்த பெண்ணுக்கு ஒரு பக்கத் தலைமுடி கருகியிருந்தது. சாக்கு சுற்றிய இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"சுடும்மா, கொசு கடிக்குது," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

நெலிதா அழுத்தினாள்.

சிவப்புக் கோடுகள் ஆற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. தண்ணீரும் சிவந்தது. குழந்தைகள் கத்தினார்கள். படகில் அந்தப் பெண் தலையை மெல்லத் திருப்பி, ஒரு கோட்டை அது காட்டுக்குள் அணையும் வரை பார்த்தாள். பிறகு அது வந்த வழியே, துப்பாக்கி வரைக்கும், அதன் பின்னால் இருந்த முகம் வரைக்கும் கண்களைக் கொண்டுவந்தாள்.