மிதிபட்ட சிவப்புப் புள்ளி

மூன்றாவது சைட்டையும் டோரீனின் துப்பாக்கிக் கடை மேசையில் வைத்து, இதுவும் கோளாறு என்றான் டெல்மர். துப்பாக்கியின் மேல் பொருத்தும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும். புள்ளியை எங்கே வைக்கிறோமோ அங்கே குண்டு போகும். டெல்மருக்குத் தெரிந்ததோ புள்ளியல்ல, யாரோ மிதித்துவிட்டுப் போன ஸ்ட்ராபெர்ரி.

டெல்மருக்கு ஐம்பத்தெட்டு வயது. விஸ்கான்சினில் அந்த வட்டாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கேஸ் லாரி ஓட்டுகிறவன். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தப்பு தன்மேல் இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவன் தலைக்குள் நுழைந்ததே கிடையாது. வாசலோடு திரும்பிப் போய்விடும்.

ஊர்த் துப்பாக்கி கிளப்பின் மூவர் அணியில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. மனைவி கார்லா விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, இந்த ஒன்பது வருஷமாக அவனுக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான். பிஸ்டல் தோட்டா போட்டுச் சுடுகிற குட்டி ரைஃபிள். எதிரே வரிசையாக ஐந்து இரும்புத் தட்டுகள். ஐந்தும் விழ வேண்டும். இந்தக் கோடை முழுக்க அவனுக்கு இரண்டுக்கு மேல் விழவில்லை. அணித் தலைவியும் டோரீன்தான். செப்டம்பர் போட்டியிலும் இதே கதையென்றால் இடத்தைப் பாதிரியார் ராண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கார்லாவை எப்படிப் பொறுப்பது? போட்டிதோறும் சர்ச்சுக்காக ஆப்பிள் பை என்கிற பலகாரம் விற்க அவள் வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவை குறி தவறும்போதும் டெல்மர் திரும்பிப் பார்ப்பான். முப்பது தப்படி தள்ளி, பை மேசைக்குப் பின்னால், அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

முதலில் பழி தோட்டாமேல் விழுந்தது. எடை குறைந்த குண்டை வாங்கினான், காற்று தள்ளுகிறது என்றான். கனமானதை வாங்கினான், சோம்பேறிக் குண்டு என்றான். திருடனுக்காக வீட்டில் வைத்திருந்த, மூக்கில் குழி விழுந்த ஒசத்தித் தோட்டாவைப் போட்டான். அந்த அகன்ற வாய் துப்பாக்கிக்குள் ஏறும் வழியிலேயே தட்டி நின்றுகொண்டது. எங்கிருந்தோ மலிவாக ஒரு பெட்டி கொண்டுவந்தான். கிளப் வாசலில் காந்தத்தை வைத்துப் பார்த்தார்கள், குண்டு ஒட்டிக்கொண்டது. இரும்பு கலந்த குண்டு தட்டைப் பாழாக்கும், பொறி பறந்து புல்லும் பற்றும் என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். இதற்கிடையே ஒவ்வொரு பெட்டிக்கும் சைட்டின் திருகை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று என்று திருப்பிக்கொண்டே வேறு இருந்தான். நேராக இருந்த துப்பாக்கியும் அதில் கோணிப்போனது.

"நீ சுடறது தகர டப்பாவுக்கு அண்ணன், கரடி இல்ல," என்றாள் டோரீன். "நடுத்தர எடை, உருண்ட மூக்கு, ஒரே கம்பெனி. அதையே வாங்கு, அதையே சுடு. திருகுல கைய வெக்காத."

அப்படியே செய்தான். அப்போதும் தட்டு விழவில்லை. பழி சைட்டுக்கு இடம் மாறியது.

மூன்றாவது சைட்டை டோரீன் கையில் எடுத்து, பின்னால் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். படத்தில் புள்ளி மிளகு மாதிரி உருண்டையாக இருந்தது. வாத்து வேட்டைக்குத் தோட்டா வாங்க வந்திருந்த பாதிரியார் ராண்டியும் எட்டிப் பார்த்து, உருண்டைதான் என்றார். பாதிரியாருக்கு இந்த விஷயத்தில் சுயலாபம் இருக்கிறது என்றான் டெல்மர்.

"கேமராவுக்கு என்ன லாபம்?" என்றாள் டோரீன். "கோளாறு உன் கண்ணுல. லிண்ட்கிட்ட போய்க் காட்டு."

நாற்பது மைலுக்கு ஒரே கண் டாக்டர் லிண்ட். கார்லாவின் இப்போதைய கணவர். அதற்கு அப்பால் இருக்கிற டாக்டருக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். போட்டிக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

டெல்மர் கண்ணாடி அலமாரியைக் காட்டினான். அதில் இருந்த நானூறு டாலர் சைட்டில் குறி ஒளியால் ஆனதல்ல, கண்ணாடியிலேயே கீறியது. கெட்ட கண்ணுக்கும் அது ஓரளவு ஒழுங்காகத் தெரியும். அதைக் கொடு என்றான். டோரீன் அலமாரிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வியாபாரம் வேணாமா உனக்கு?"

"உயிர் வேணும். நீ மூவாயிரம் கேலன் கேஸோட வர்ற ரோட்டுலதான் தினம் காலைல நான் எதிர்ல வர்றேன்."

டெல்மர் லிண்டுக்குப் போன் போட்டான்.

லிண்டின் அறையில், அந்த மனிதரின் மூக்குக்கு நாலு விரல் தள்ளித் தன் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்தது. இது தெளிவா, அது தெளிவா என்று லிண்ட் வில்லைகளை மாற்றினார். போலீஸ்காரனிடம் பேசுகிறவன் மாதிரி ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து, ரெண்டும் ஒன்றுதான் என்றான் டெல்மர். பத்தாவது தடவையும் அதையே சொன்னபோது லிண்ட் எழுந்துபோய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி சைட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கிளப் ஆட்களுக்காகவே வைத்திருக்கிறாராம். பாதிப் பேர் இந்த நாற்காலிக்கு வந்து போனவர்கள்தானாம்.

வில்லைகள் வழியே டெல்மர் பார்த்தான். ஸ்ட்ராபெர்ரி மெல்லச் சுருங்கி, ஒரு சுத்தமான சிவப்புப் புள்ளியாகி நின்றது. ஒரு புள்ளிக்காக ஒருவன் அழலாமா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"நீங்க வருவீங்கன்னு கார்லா சொன்னா," என்றார் லிண்ட். "கடைல இருக்கற அத்தனையும் மாத்திப் பாத்துட்டுத்தான் வருவாரு, ஆனா வந்துருவாருன்னா."

"எப்பச் சொன்னா?"

"எங்க கல்யாணம் ஆன வருஷம்."

போட்டி நாளான சனிக்கிழமை டெல்மர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுடும் கோட்டில் நின்றான். பழைய சைட், டோரீன் சொன்ன அதே தோட்டா. திருகைத் தொடவில்லை. முதல் தட்டு விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு விழுந்தன. ஐந்தாவதில் புள்ளி நடுங்கினாலும் உருண்டையாகவே நடுங்கியது. அதுவும் விழுந்தது. பாதிரியார் ராண்டி முதல் ஆளாகக் கைதட்டினார். பாவம், நல்ல மனுஷன்.

தோட்டா அடுக்கிய உறையைக் கழற்றி, உள்ளே காலி என்று காட்டி, அதற்கு அடையாளமாக மஞ்சள் கொடியைச் செருகித் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிறகு பழக்கதோஷத்தில் பை மேசைப் பக்கம் திரும்பினான்.

கார்லா காதில் சத்தம் தடுக்கும் மூடியை மாட்டி, அதன்மேல் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின வாண வேடிக்கையின் வெடிச் சத்தத்துக்கெல்லாம் இதே முகத்தோடு காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது. ஒன்பது வருஷமாக, மங்கலாகத் தெரிந்த இந்த முகத்தைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பொருமியிருக்கிறான்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். காதில் மூடி இருந்ததால் குரல் மைதானத்துக்கே கேட்டது.

"முடிஞ்சுதா?"

டெல்மர் கையைத் தூக்கிக் காட்டினான்.

"முடிஞ்சுது கார்லா," என்றான். "கையை எடு."