விரால் வெட்டும் பிடி

கிரேஸ் அக்கா கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் பட்டறை வாசலில் ஒரு கத்திப்பிடிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். மீன் மார்க்கெட்டில் இருக்கும் தன் கடையிலிருந்து முசரவாக்கத்துப் பட்டறை வரை ஸ்கூட்டரில் வந்திருக்கிறாள். செய்தித்தாளைப் பிரித்துக் கத்தியை என் முன்னால் போட்டாள். பிடியில் நான் சுற்றியிருந்த பட்டு நூல் கறுத்து, கொழகொழவென்று ஊறிக் கிடந்தது. நாற்றம் பட்டறைக்குள் போனது.

"இன்னாபா உதயா, மீன் வெட்டுற கத்திக்கு முகூர்த்தப் பட்டு கட்டி அனுப்பியிருக்கிறே? விராலுக்கு இன்னா கல்யாணமா?"

உள்ளே உலையடியில் இருந்த ராமராஜன் சத்தமாகச் சிரித்தான். அவன் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்குவான். பிடி போடுவது என் வேலை. கம்பெனியில் நைட் ஷிஃப்டை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

"நல்லா இருக்கும்னுதான் சுத்தினேன்கா."

"நல்லாத்தான் இருந்துச்சு, பாக்குறதுக்கு. தண்ணி பட்டதும் வழுக்குது. வழுக்குதேன்னு இறுக்கிப் பிடிச்சா இந்த ரெண்டு விரலும் மரத்துப் போவுது. ராத்திரி தூங்க வுடமாட்டேங்குது." சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நீட்டிக் காட்டினாள். "டாக்டர் வெட்டுறதையே வுட்டுடும்மான்றாரு. நான் வுட்டுட்டேன். பேக்கிங் கம்பெனில பேர் குடுத்தாச்சு. திங்கக்கிழமை வேன் வருது. நைட் ஷிஃப்ட்."

அதைக் கேட்டதும் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன். வெட்டிக் கொடுக்காத மீனை எங்கள் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். அவள் கை நின்றால் கடையும் நிற்கும். அது ஒரு பக்கம். நைட் ஷிஃப்ட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம், காலையில் வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும்.

தப்பு எங்கே என்று யோசித்தேன். பட்டு விஷயம் உடனே புரிந்தது. சாயம் போடுவதற்கு முன்னால் பட்டைக் கொதிநீரில் போட்டுப் பசை எடுப்பார்கள். நான் சுற்றியது பசை எடுக்காத நூல். தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் செய்யக்கூடாத முட்டாள்தனம். ஆனால் அதற்கு அடியிலிருந்த கட்டையில் விரலுக்கு விரல் பள்ளம் எடுத்திருந்தேனே? என் வீட்டில் அதைச் சோதித்தும் பார்த்தேனே?

"எதை வெட்டிப் பாத்தே?" என்றாள் அக்கா.

"பரங்கிக்காய்."

ராமராஜன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "இவங்க வூட்ல முட்டை கூட வாசப்படி தாண்டாதுக்கா. சைவம். மீனைக் கண்ணால பாத்திருப்பானான்னே டவுட்டு."

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல மார்க்கெட்டுக்கு வா. நீயே வெட்டு."

போனேன். தென்னேரி ஏரியிலிருந்து கெண்டை வந்து இறங்கியிருந்தது. புளியமரக் கட்டைக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, பட்டு நூலை உரித்துப் போட்ட அந்தக் கத்தியையே கையில் கொடுத்தாள். முதல் மீனைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தொட்டேன். இரண்டாவது மீன் கையைவிட்டு நழுவி, எதிர்க்கடை ரேணுகாம்பாளின் கூடையில் போய் விழுந்தது.

"கிரேஸு, புது ஆளு செத்த மீனைத் துள்ள வைக்கிறாரு!" என்றாள் அவள்.

ஏழாவது மீனில் எனக்கு விஷயம் தெரிந்தது. மீன் வெட்டுகிறவர்கள் கத்தியை ஒரே மாதிரி பிடிப்பதில்லை. செதில் எடுக்கக் கை முன்னால் போகிறது. வயிற்றைக் கீறக் கத்தி திரும்புகிறது. தலையை வெட்டக் கை பின்னால் வருகிறது. நான் எடுத்த பள்ளங்கள் ஒரே ஒரு பிடிப்புக்குத்தான். மற்ற நேரமெல்லாம் பள்ளத்தின் மேடு விரலுக்குள் ஏறியது. பிடியும் குட்டை. அதன் முனை உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது மீனில் என் சுண்டுவிரல் மரத்தது.

"அக்கா, மரத்துடுச்சு!" என்று கத்தினேன்.

"அதுக்கு ஏன்பா இவ்ளோ சந்தோஷம்?"

சந்தோஷம்தான். கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். சரியில்லாத சாமானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுவேன். ஏன் சரியில்லை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கும் யாரும் சொன்னதில்லை. என் வேலை சரியில்லை என்று பெட்ரோல் செலவு பண்ணி வந்து சொன்ன முதல் ஆள் இவள்.

பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். கட்டையைக் கழற்றிவிட்டு, பிடிக்குள் போகும் இரும்பு வாலில் அதைச் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவள் நாலு மீன் வெட்டுவாள். "இன்னும் கொஞ்சம்" என்பாள். இன்னொரு சுற்று சுற்றுவேன். "நடுவுல குண்டா வேணும்பா. முன்னாடி ஒல்லியா இருக்கட்டும்." ஒன்பது மணிக்கு, "இது, இது இருக்கட்டும்" என்றாள். இடுப்பிலிருந்த நூலை எடுத்து மூன்று இடத்தில் சுற்றளவு பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ராமராஜன் இரும்பு வாலைக் காய்ச்சி அடித்து இரண்டு விரற்கடை நீளமாக்கினான். இரண்டு பக்கமும் கருவேலங்கட்டை வைத்துப் பித்தளை ரிவிட்டு அடித்தேன். பள்ளமே இல்லை. முட்டை வடிவம், பார்க்காமலே கத்தியின் வெட்டும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். கை முன்னால் நழுவி வாயில் படாதபடி முன்பக்கம் கீழே ஒரு சின்ன இறக்கம். பிடியின் முனை உள்ளங்கையைத் தாண்டி வெளியே வந்தது. பளபளப்பாகத் தேய்க்கக் கை துறுதுறுத்தது. தேய்க்கவில்லை. அரம் போட்ட கோடுகளை அப்படியே விட்டு, ஆளிவிதை எண்ணெய் மட்டும் மூன்று நாள் ஏற்றினேன். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. அக்கா கையை நீட்டினாள். வாங்கினாள், தண்ணீரில் முக்கினாள், வெட்ட ஆரம்பித்தாள். நான் ஓரமாக நின்று அவள் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கரைய மதியம் ஆனது. ஒரு தடவைகூட அவள் கையை உதறவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் மறுபடியும் அக்கா கடையில் இருந்தபோது கம்பெனி வேன் மார்க்கெட் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அக்கா ஒரு விராலின் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். டிரைவர் கைலாசம் இறங்கி வந்தார்.

"கிரேஸு, வரல? நேரமாவுது."

"அந்த சீட்டை வேற யாருக்குனா குடுண்ணா. கையில வேலை இருக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "விரல் இன்னும் கொஞ்சம் மரத்துதான் இருக்குதுபா. பொய் சொல்லமாட்டேன். ஆனா ராத்திரி தூங்குனேன்."

கைலாசம் அரைக் கிலோ கெண்டை வெட்டி வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார்.

எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினாள் அக்கா. வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

பட்டறைக்குக் கொண்டுபோய் ராமராஜனிடம் கொடுத்தேன். "வெட்டலையாடா?" என்றான்.

"அக்கா முழு விராலாத்தான் குடுத்துச்சு. தள்ளு, நான் வெட்டுறேன்."