தட்டில் செத்த செல்கள்

தபால்காரரின் குதிகாலில் இருந்த கரும்புள்ளி தோல் புற்றுநோய்தான் என்று தெரிந்த அதே வாரத்தில், அவருடைய தங்கையின் ஆய்வகத்தில் ஒரு இலைச்சாறு வேலை செய்தது. தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் பத்துக்கு எட்டு இரண்டே நாளில் சுருண்டு செத்திருந்தன. ஆறு வருடம் தவம் கிடந்தவளுக்கு வாயை அடக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லி, கைப்பேசியில் செடியின் படத்தையும் காட்டினாள். தட்டு வேறு, உடம்பு வேறு என்றும் சொன்னாள்தான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

குதிகாலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்றிருந்தார் டாக்டர். நடந்தே பிழைத்த மனிதருக்கு அதைக் கேட்டதுமே பாதி உயிர் போயிற்று. விடுப்பு கிடைக்கட்டும், வெயில் தணியட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். தங்கை இரண்டு முறை சண்டை போட்டாள். பிறகு அவளுக்கும் வேலை தலைக்குமேல் ஏறிவிட்டது.

நான்கு மாதம் கழித்து, நோயில்லாத தோல் செல்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. அதே சாற்றை அவற்றில் விட்டாள். அவையும் செத்தன, அதே வேகத்தில். மூன்று தடவை திரும்பச் செய்து பார்த்தாள். நல்லது கெட்டது தெரியாத வெறும் நஞ்சு.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அந்தச் சாறு எதுக்கும் உதவாது. நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லுது."

அவர் மனைவியைப் பார்த்தார். அண்ணி ஈரக்கையைத் துடைக்காமலேயே நின்றாள்.

"தினமும் வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடுத்துட்டிருக்கேன். நீ காட்டின இலைதான்."

தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருப்பதை அவரே மெதுவாகச் சொன்னார். பிறகு, தங்கையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "உன் தட்டுல இருந்ததுக்குச் சாகணும்னு இருந்த புத்தி, என் கால்ல இருக்கறதுக்கு இல்ல பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முதலிலேயே வெட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது நுரையீரல் வரை போய்விட்டதாம்.

ஏழு வாரத்தில் அவர் போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் தங்கையிடம், உன்மேல் தப்பில்லை என்றார்கள். அண்ணி மட்டும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. வாசல்வரை வந்து, தங்கை படி இறங்கும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டாள்.